இரட்டை விசில்

என் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டர். கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் ஒரு நாளாவது அவர் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். டியூட்டியில் இருக்கும்போது உட்கார முடியாது, சரி. லீவு நாளில், கல்யாணம் காட்சி என்று இரண்டு பேரும் சேர்ந்து கிளம்பும்போதுகூட என்னை ஒரு சீட்டில் உட்கார வைத்துவிட்டு, அவர் பின்படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய்க் கம்பியில் முதுகைச் சாய்த்து நின்றுகொள்வார். பக்கத்துச் சீட் காலியாகத்தான் இருக்கும். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒரு அம்மா கூடையோடு வந்து அதில் உட்கார்ந்து என் இடுப்பில் இடிப்பார். அந்த வண்டியின் கண்டக்டர், "அண்ணே, நீங்க உக்காருங்கண்ணே" என்று கெஞ்சுவார். "பரவால்ல தம்பி, பழகிடுச்சு" என்பார் இவர். பழகியது இவருக்கு. எனக்குப் பழகவே இல்லை.

நான் ஒன்றும் வாயில்லாப் பூச்சி அல்ல. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை ஆறரை மணிக்கு வெறும் வயிற்றோடு வந்து நிற்பவர்களுக்கு நரம்பு பார்த்து ஊசி குத்துகிறவள். ஆறடி ஆளெல்லாம் என் முன்னால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "மெதுவா மேடம்" என்பார்கள். கடையிலோ கல்யாண வீட்டிலோ யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் முழங்கை மடிப்புக்குத்தான் போகும். நல்ல நரம்பு, கஷ்டமான நரம்பு என்று மனசுக்குள் பிரித்துவிடுவேன். ஆகவே தொழில் புத்தி என்றால் என்னவென்று எனக்கும் தெரியும். வீட்டில் அவர் எனக்கு வைத்திருக்கும் பெயர் ஊசி. எனக்குக் கோபம் வந்துவிட்டால் பெரிய ஊசி.

அவருக்கு இன்னும் நான்கு மாதத்தில் ரிட்டயர்மெண்ட். இனியாவது மனுஷன் வீட்டில் இருப்பார், இரண்டு பேரும் நாலு இடத்துக்குப் போய் வரலாம் என்று நான் ஆசையாகக் காத்திருந்தேன். அதில் ஒரு காலேஜ்காரர் வந்து மண்ணைப் போட்டார். அவருடைய காலேஜில் பதினெட்டு பஸ் ஓடுகிறதாம். அத்தனைக்கும் மேற்பார்வை பார்க்க அனுபவசாலி வேண்டுமாம். காலை ஐந்தரைக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பலாம். இதைக் கேட்டதும் இவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

"வேண்டாங்க" என்றேன்.

"வீட்ல உக்காந்து என்ன பண்றது? சுவத்தையா பாத்துட்டு இருக்கறது?"

"என்னைப் பாருங்க."

"உன்னைத்தான் இருபத்தேழு வருஷமா பாக்கறேனே."

பார்த்தாராம்! அன்றைக்கே முடிவு செய்தேன். ஒரு டூர் கம்பெனியில் இரண்டு பேருக்கும் ஐந்து நாள் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பதிவு செய்தேன். அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியும் விட்டேன். "இது உங்களுக்குப் பரீட்சை. அஞ்சு நாளும் கண்டக்டரா இல்லாம என் கூட, என் பக்கத்துல இருந்து ஊரைச் சுத்திப் பாத்தீங்கன்னா ரிட்டயர் ஆகி வீட்ல இருங்க. அங்கயும் படிக்கட்டைக் கட்டிக்கிட்டு நின்னீங்கன்னா காலேஜ் பஸ்ஸுக்கே போயிடுங்க. அதுக்கப்புறம் நான் வாயைத் தொறக்கவே மாட்டேன்." சரி என்றார். ஊருக்குத் திரும்பியதும் பதில் சொல்வதாகக் காலேஜ்காரரிடமும் சொல்லிவிட்டார்.

விமானத்தில் பெல்ட் போட்டிருக்கும் வரைதான் உட்கார்ந்திருந்தார். பெல்ட்டைக் கழற்றலாம் என்று விளக்கு அணைந்ததும் எழுந்து போய்ப் பின்னால் கழிவறைப் பக்கத்தில் நின்றுகொண்டார். வருகிறவர்களுக்கெல்லாம், "கொஞ்சம் பொறுங்க, உள்ள ஆள் இருக்கு" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். இது பஸ் இல்லை, இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று நானே மனசைத் தேற்றிக்கொண்டேன்.

எங்கள் குழுவில் எங்களையும் சேர்த்து இருபத்துநாலு பேர். கூட்டிக்கொண்டு வந்தவர் கம்பெனியின் ஆள். எல்லோரும் அவரை டூர் தம்பி என்று கூப்பிட்டோம். தூக்கம் என்றால் தம்பிக்கு உயிர். அந்த ஊரில் எங்களுக்காகக் காத்திருந்தது பெரிய கண்ணாடி பஸ். டிரைவர் உள்ளூர்க்காரர், நரைத்த மீசை, தடித்த கை, பார்த்தவுடனே சொல்லிவிடலாம், அருமையான நரம்பு. முதல் நாள் சாயங்காலம் ஓட்டல் இருந்த சந்துக்குள் பஸ்ஸைப் பின்னால் எடுக்க முடியாமல் அவர் திணறினார். ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் யாரோ நிறுத்தியிருந்த கார். திரும்பினால் இவரைக் காணோம். பார்த்தால் கீழே இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று, பாக்கெட்டிலிருந்து விசிலை எடுத்து ஊதிக்கொண்டிருக்கிறார். "வா, வா, வா, லெஃப்ட்ல ஒடி, வா, ஹோல்டான்!"

டிரைவருக்கு நம் பாஷை ஒரு எழுத்து தெரியாது. ஆனால் பஸ் நூல் பிடித்த மாதிரி உள்ளே வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்து இவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். குழுவே கை தட்டியது.

"விசில் எதுக்குங்க எடுத்துட்டு வந்தீங்க?" என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"எடுத்துட்டு வரல. பாக்கெட்லயே கெடந்துச்சு."

அன்றிலிருந்து அவர்கள் இரண்டு பேரும் நகமும் சதையும் ஆகிவிட்டார்கள். ஒரு விசில் ஊதினால் பஸ் நிற்கும், இரண்டு ஊதினால் கிளம்பும். இதைப் பேசிக்கூட வைத்துக்கொள்ளவில்லை. பஸ்காரர்களுக்குள் தானாக அமைந்துவிட்டது. டூர் தம்பி பார்த்தார். ஒவ்வொரு இடத்திலும் ஆட்களை எண்ணி ஏற்றும் வேலையையும் இவர் தலையில் கட்டிவிட்டு முன்சீட்டில் தூங்க ஆரம்பித்தார். "அங்கிள் இருக்கும்போது எனக்கென்னங்க கவலை?"

இரண்டாம் நாள் ஒரு பழைய அரண்மனைக்குப் போனோம். உள்ளே கூரை முழுக்கச் சித்திரம். கழுத்து வலிக்க வலிக்கப் பார்க்கலாம். நான் அண்ணாந்து, "ஏங்க, அந்தக் குதிரையப் பாருங்க" என்றேன். அவர் வாசலில் நின்று எங்கள் குழுவை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார். "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல நிக்காதீங்க, முன்னாடி எவ்ளோ எடம் இருக்கு பாருங்க." குழுவில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி இருந்தது. அந்தப் பையன் மனைவியை அரண்மனையின் ஒவ்வொரு தூணுக்கும் ஒரு போட்டோ எடுத்தான். என்னை எடுத்தது யார் தெரியுமா? காவலாளி.

சாப்பாட்டிலும் அதே கதைதான். மூன்று வேளையும் டூர் கம்பெனி ஏற்பாடு செய்த இடத்தில் வீட்டில் சாப்பிடும் அதே சோறு, அதே குழம்பு. கடல் தாண்டி வந்து அதே குழம்பைத் தின்பதற்கு வீட்டிலேயே இருந்திருக்கலாமே! வழியெல்லாம் தெருவோரக் கடைகளில் ஆவி பறக்கிறது, எண்ணெயில் ஏதோ பொரிகிறது, கண்ணாடிக்குள் ரொட்டி உப்பிக்கொண்டு வருகிறது. நான் பஸ்ஸுக்குள்ளிருந்து வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போனேன்.

மூன்றாம் நாள் காலையில் பெரிய மார்க்கெட் ஒன்றின் வாசலில் பஸ் நின்றது. நாற்பது நிமிஷம் சுற்றிப் பார்க்கலாம் என்றார் டூர் தம்பி. இறங்கியதுமே மீன் சுடுகிற மணம் வந்தது. நான் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"வாங்க, உள்ள போய் ஏதாவது சாப்பிடலாம்."

"நீ போய்ட்டு வா. நான் வண்டிகிட்ட நிக்கறேன். எல்லாரும் திரும்பி வரணும்ல?"

"வழி தெரியாம போறதுக்கு அவங்கெல்லாம் என்ன கொழந்தைங்களா? ரெண்டு நாள் முடிஞ்சுது. பரீட்சை ஞாபகம் இருக்கா?"

"இருக்கு, இருக்கு. நாளைக்கு நல்லா எழுதிடறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் கைப்பையைக்கூட எடுக்கவில்லை. போனும் கண்ணாடிக்கூடும் தண்ணீர் பாட்டிலும் பையோடு சீட்டிலேயே கிடந்தன. இடுப்பில் செருகியிருந்த சின்ன பர்ஸ் மட்டும்தான். அதில் கொஞ்சம் அந்த ஊர்ப் பணமும் ஓட்டல் கார்டும் இருந்தன. விறுவிறுவென்று உள்ளே போனேன்.

மார்க்கெட் என்றால் அதுதான் மார்க்கெட். ஒரு வரிசை முழுக்கப் பழம். அடுத்த வரிசையில் மீன்கள் ஐஸ்கட்டி மேல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன. அதைத் தாண்டினால் ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் அடுப்புகள், ஆளுக்கொரு முக்காலி. ஒரு கடையில் என் வயசுப் பெண்மணி மாவை இழுத்து இழுத்து நூலாக்கிக்கொண்டிருந்தாள். கையில் நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. மேல்கையில் ரப்பர் கட்டுப் போடாமலே ஊசி குத்தலாம். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றதை அவள் பசி என்று எடுத்துக்கொண்டாள். முக்காலியைத் துடைத்துக் காட்டினாள். உட்கார்ந்தேன். சூடான சூப்பில் அந்த நூடுல்ஸ், மேலே பச்சைத் தழை, ஓரத்தில் எலுமிச்சை. ஒரு வாய் எடுத்தேன். இரண்டு நாள் கோபம் பாதி இறங்கிவிட்டது. அடுத்த கடையில் ஏதோ ஒரு காயை மாவில் தோய்த்துப் பொரித்துக்கொண்டிருந்தார்கள். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு மாதிரி. இரண்டு தின்றேன். சாப்பிடச் சாப்பிட மனசு கேட்கவில்லை. அந்த மனுஷன் வெயிலில் நிற்கிறாரே என்று அவருக்கும் நாலு வாங்கிக் காகிதத்தில் பொட்டலம் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது. வாசலுக்கு வருகிறேன், விசில் சத்தம். ஒன்று, இரண்டு. எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரிகிற விசில் அது. ஓடிப் போய்ப் பார்த்தால் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. கண்ணாடி வழியாக இவர் தலையும் தெரிந்தது, நின்றுகொண்டுதான் இருந்தார். முனையில் திரும்பி பஸ் மறைந்தது.

நான் பொட்டலத்தோடு ரோட்டில் நின்றேன்.

முதலில் நம்பவே முடியவில்லை. பொண்டாட்டியை விட்டுவிட்டு விசில் அடித்திருக்கிறாரே! பிறகு ஒரு பயம் வந்தது. பாஷை தெரியாது, போன் கிடையாது. அப்புறம் ஓட்டல் கார்டு ஞாபகம் வந்தது, பயம் போய்விட்டது. பயம் போன இடத்தில் கோபம் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தது. வரட்டும், தேடி வரட்டும், அதுவரை நான் இந்த மார்க்கெட்டை விட்டு அசைவதில்லை என்று தீர்மானம் செய்தேன். பொட்டலத்தைப் பிரித்து, அவருடைய நாலையும் நானே தின்றேன்.

பரீட்சை முடிந்தது, ரிசல்ட்டும் வந்துவிட்டது. ஊருக்குப் போனதும் காலேஜ் பஸ்ஸோடு அவரே குடித்தனம் நடத்தட்டும் என்று நினைத்தபோது கண்ணில் தண்ணீர் வந்தது. அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டேன். நூடுல்ஸ் கடையிலிருந்து பார்த்தால் மார்க்கெட் வாசல் நேராகத் தெரியும். அந்தப் பெண்மணியிடம் போய், பஸ்ஸை இரண்டு கையால் காட்டி, அது போய்விட்டதைக் காட்டி, என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவள் கண்ணை அகல விரித்தாள். பிறகு மீசையை முறுக்குவது போல் காட்டி, 'புருஷனா?' என்பது மாதிரி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அந்த ஒரு விஷயத்துக்குப் பாஷை தேவையே இல்லை. இன்னொரு கிண்ணம் சூப் வந்தது.

முக்கால் மணி நேரம் இருக்கும். வாசலில் ஒருத்தர் ஓடி வந்தார். சட்டை பாதி வெளியே, ஒரு செருப்பு காலில், இன்னொன்று வார் அறுந்து கையில். இவர்தான். பழக்கடையில் நின்றார், மீன் கடையில் நின்றார், ஒவ்வொரு பெண்ணின் முகத்தையும் எட்டிப் பார்த்தார். ஒரு பெண் முறைத்தாள். நான் கூப்பிடவில்லை. சத்தியமாகக் கூப்பிடவில்லை. ஒரு வாய் சூப்பை மெதுவாகக் குடித்தேன். தேடட்டுமே, இருபத்தேழு வருஷத்தில் முதல் தடவையாக என்னைத் தேடுகிறார்!

அப்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். இவர் அவரிடம் ஓடிப் போய் என்னை வர்ணிக்க ஆரம்பித்தார். சேலைக்கு உடம்பைச் சுற்றி ஒரு வட்டம். கண்ணாடிக்குக் கண்ணைச் சுற்றி இரண்டு வட்டம். உயரம் தோள் வரை. பிறகு இடுப்பில் கையை வைத்து, கண்ணை உருட்டி, உதட்டைச் சுழித்து நின்றார். அது நானாம்! இத்தனையும் போதாதென்று, தன் சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கை மடிப்பில் இன்னொரு கையால் ஊசி குத்துவதுபோலக் குத்திக் காட்டினார். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.

போலீஸ்காரரின் முகம் மாறிவிட்டது. இவர் கையை எட்டிப் பிடித்து, முழங்கை மடிப்பை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்குத் தெரியாதா? ஊசி போட்டுப் போட்டுக் காய்ப்பேறிய தடம் இருக்கிறதா என்று பார்க்கிறார். இன்னும் ஒரு நிமிஷம் போனால் என் புருஷனைப் போதை ஆசாமி என்று ஜீப்பில் ஏற்றிவிடுவார்.

கிண்ணத்தை வைத்துவிட்டு ஓடினேன். "ஐயா, அவரு கையை விடுங்க! ஊசி போடறவ நான்தான்!" என்று நம் பாஷையிலேயே கத்தினேன்.

இவர் திரும்பிப் பார்த்தார். கையில் இருந்த செருப்பு கீழே விழுந்தது. போலீஸ்காரர் என் சேலையைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், இடுப்பில் வைத்திருந்த கையைப் பார்த்தார், உருட்டிய கண்ணைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்துவிட்டார். ஓட்டல் கார்டை வாங்கி அதிலிருந்த நம்பருக்குப் போன் செய்து, இரண்டு பேரும் பத்திரம் என்று டூர் தம்பிக்குச் சொல்லச் சொன்னார்.

இவரைக் கூட்டிக்கொண்டு போய் நூடுல்ஸ் கடையில் உட்கார வைத்தேன். மூச்சு வாங்கியது. நாலு கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறார். அடுத்துப் போன ஆற்றங்கரையில் எல்லோரையும் கை பிடித்து இறக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தால் என் சீட்டில் பை மட்டும் இருந்ததாம். "அந்தப் பையையே ஒரு நிமிஷம் பாத்துட்டு நின்னாரு ஆண்ட்டி. அப்புறம் யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லாம ஓட ஆரம்பிச்சுட்டாரு" என்று அந்தப் புதுப்பெண் பிறகு சொன்னாள். பஸ் வந்த ஒவ்வொரு திருப்பமும் இவருக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"ஏங்க, எண்ணிட்டுத்தானே விசில் அடிச்சீங்க?"

"மூணு தடவை எண்ணினேன். இருபத்திரண்டு. சரியா இருந்துச்சு."

"நம்ம குரூப்புல இருபத்துநாலு பேரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பாஸ்ல வர்றவங்கள எண்றதில்ல" என்றார், காதில் விழாத குரலில்.

கண்டக்டருக்கு வாழ்க்கைப்பட்டதால் எனக்கு இது புரிந்தது. பஸ்ஸில் ஆட்களை எண்ணி, கொடுத்த டிக்கெட்டோடு சரிபார்ப்பார்கள். வேலை செய்கிறவரின் குடும்பத்துக்கு இலவச பாஸ் உண்டு, டிக்கெட் கிடையாது. ஆகவே என்னைப் போன்றவர்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். முதல் நாளே டூர் தம்பி இருபத்துநாலு என்று சொன்னதும், இவர் தன்னையும் என்னையும் கழித்துவிட்டு இருபத்திரண்டு என்று மனசில் போட்டுக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை. யோசித்துக்கூடச் செய்யவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"நான் உங்க பொண்டாட்டிங்கறதுக்குத்தானே அந்தப் பாஸே குடுத்தாங்க?" என்றேன். "அந்தப் பொண்டாட்டியத் தவிர பஸ்ல இருக்கற அத்தனை பேரையும் எண்ணுவீங்களா? நான் ஏறினேனா, எறங்கினேனா, இருக்கேனா, இல்லையா, ஒண்ணும் வேண்டாமா உங்களுக்கு?"

நல்லவேளை, சுற்றி இருந்தவர்களுக்கு அர்த்தம் புரியவில்லை. ஆனாலும் சந்தே எங்களைத் திரும்பிப் பார்த்தது.

"ஓடி வரும்போது அதைத்தான் நெனச்சேன்" என்றார். "எத்தனை டிரிப்புல நீ ஏறியிருக்க. ஒரு தடவைகூட நீ உள்ள வந்துட்டியான்னு திரும்பிப் பாத்து நான் விசில் அடிச்சதில்ல. நீ எப்படியும் இருப்பங்கற நெனப்புதான். இன்னைக்கு அந்தப் பையைப் பாத்ததும் கையும் ஓடல, காலும் ஓடல." அதற்கு மேல் பேச முடியாமல் அழுதுவிட்டார். ஐம்பத்தெட்டு வயசு மனுஷன், முக்காலியில் உட்கார்ந்து, வார் அறுந்த செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தேம்பினார்.

எனக்கு அவர் மேல் கோபமும் இருந்தது, பாசமும் இருந்தது. கடைக்காரப் பெண்மணி வந்தாள். அவர் முன்னால் ஒரு கிண்ணத்தை டொக்கென்று வைத்தாள். முதுகில் ஒரு தட்டு தட்டினாள். அன்பாகத் தட்டினாளா, எனக்காக ஒரு அடி போட்டாளா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் பொருத்தமான பலத்தில்தான் இருந்தது.

"சாப்பிடுங்க."

"வயித்துக்கு ஒத்துக்குமா?"

முறைத்தேன். சாப்பிட்டார். முதல் வாய்க்குப் பிறகு தலை நிமிரவே இல்லை. கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "இன்னொண்ணு சொல்லேன்" என்றார். அந்தப் பொரித்த காயும் வாங்கிக் கொடுத்தேன். ஆறு தின்றார். மார்க்கெட்டைச் சுற்றிக் காட்டினேன். இப்போது அங்கே வழி தெரிந்தவள் நான்தான். பேர் தெரியாத ஒரு பழத்தை வாங்கி, எதை உரிப்பது, எதைத் துப்புவது என்று தெரியாமல் கையெல்லாம் பிசுபிசுவென்று ஆக்கிக்கொண்டோம். ஒரு செருப்புக் கடையில் அவருக்குப் புது ஜோடி வாங்கினோம்.

"டூர் தம்பி ஆத்தங்கரையில இருப்பாரு. அங்க போயிடலாமா?" என்றேன், வேண்டுமென்றே.

"அவங்க போகட்டும். நீ எங்க போகணும் சொல்லு."

மலைமேல் ஒரு கோபுரம் இருக்கிறது, அங்கிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரியும் என்று விமானத்தில் கொடுத்த புத்தகத்தில் பார்த்திருந்தேன். வாசலில் நின்றிருந்த அதே போலீஸ்காரரிடம் கையை உயர்த்திக் கோபுரம் மாதிரி காட்டினேன். அவர் எங்களை டவுன் பஸ் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப் போய், ஏழு விரலைக் காட்டினார். ஏழாவது நிறுத்தத்தில் இறங்க வேண்டும்.

பஸ் வந்தது. ஏறினோம். டிரைவர் பக்கத்தில் இருந்த பெட்டியில் காசைப் போட்டோம். இவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"கண்டக்டரே இல்லயா?"

"இல்ல போலிருக்கு."

வண்டி பாதி காலி. நான் ஒரு சீட்டில் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டேன். கூப்பிடக் கூடாது என்று பிடிவாதம். கதவுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி இருந்தது, சாய்ந்து நிற்பதற்கென்றே வைத்தாற்போல. அவர் அதைப் பிடித்தார். வண்டி நகர்ந்தது. நான் இரண்டு நிமிஷம் திரும்பவே இல்லை. பிறகு தோளில் ஒரு விரல் தட்டியது.

"கொஞ்சம் இந்தப் பக்கம் வாயேன். எனக்கு ஜன்னல் சீட்டு வேணும்."

"உங்களுக்கா?"

"நான் ஜன்னலோரம் உக்காந்து எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

எழுந்து வழி விட்டேன். மனுஷன் நகர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு வாய் ஓயவில்லை. அந்த பால்கனியில் பார், எத்தனை பூந்தொட்டி. அந்த நாயைப் பார், சைக்கிள் கூடையில் உட்கார்ந்து போகிறது. அந்தப் பாலத்துக்கு எத்தனை கண் என்று எண்ணு. ஒன்றாவது நிறுத்தம் போனது, இரண்டாவது போனது. நான் விரலை மடக்கிக்கொண்டே வந்தேன்.

மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் என் பக்கம் திரும்பினார். "ஆமா, சில பேருக்கு நரம்பே தெரியாதும்பியே, அப்ப என்ன பண்ணுவ?"

இருபத்தேழு வருஷத்தில் அவர் என் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. நான் சொன்னேன். வெந்நீர் ஒற்றடம் கொடுக்கிறது, கையைத் தொங்கப் போடச் சொல்கிறது, பயப்படுகிறவர்களிடம் அவர்கள் பிள்ளைகளைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே குத்துகிறது. அவர் ஒவ்வொன்றையும் கேட்டார். குழந்தைகள் வந்தால்? மயங்கி விழுகிறவர்கள்? யாராவது உன்னைத் திட்டியிருக்கிறார்களா? ஒரு தாடிக்காரர் ஊசியைப் பார்த்ததும் வாசல் வரை ஓடிய கதையைச் சொன்னேன். குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையை நீட்டினார். "என்னுது எப்படி?" தொட்டுப் பார்த்து, "நல்ல நரம்புதான்" என்றேன். கையை அவர் எடுக்கவில்லை.

"அந்தக் காலேஜ்காரர்கிட்ட வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார். சொல்லிவிட்டு உடனே, "அந்தத் தாடிக்காரர் அப்புறம் திரும்பி வந்தாரா, இல்லையா?" என்று கேட்டார்.

வந்தார், மனைவியோடு வந்தார் என்று சொல்லத் தொடங்கினேன். அப்போது பஸ் நின்றது. நான் ஏழாவது விரலை மடக்கினேன். ஜன்னலுக்கு வெளியே மலையும் அதன்மேல் கோபுரமும் பெரிதாகத் தெரிந்தன. கதவு திறந்தது. நாலு பேர் இறங்கினார்கள். முப்பது வருஷ சர்வீஸில் ஒரு நிறுத்தத்தைக்கூடத் தவறவிடாத என் வீட்டுக்காரர், ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தாடிக்காரர் என்ன ஆனார் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு மூடியது. நான் கதையைத் தொடர்ந்தேன்.